தங்கம் சிவப்பாவது எப்படி?



கர்ப்பப் பரிசோதனை அட்டையில் எழும்பும் இளஞ்சிவப்புக் கோட்டை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். மலேரியா அட்டையிலும் பெரும்பாலும் அதே நிறக் கோடுதான் வருகிறது. 2020க்குப் பின்பு கொரோனா அட்டையின் மூலமாக அது வீட்டுக்கு வீடு அறிமுகமாகிவிட்டது. நமது ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிற சபையார் சிலர், "இது என்ன சாயம்?" என்று கேட்பதுண்டு. இவ்வகை அட்டைகளில் பெரும்பாலானவற்றில் அது சாயம் அல்ல, தங்கம். அதைச் சொன்னவுடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: தங்கம் என்றால் மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. யானைக்கவுனியில் நின்றுகொண்டு கேட்டால் இன்னும் நியாயமான கேள்வி. இங்கிருந்து சௌகார்பேட்டைக்குள் நுழைந்தால் நகைக்கடைகளும் பட்டறைகளும் தெருத்தெருவாக இருக்கின்றன. பக்கத்துச் சாலைக்கே தங்கசாலை என்று பெயர். பிரிட்டிஷார் காலத்தில் அங்கே நாணயம் அடித்ததால் வந்த பெயர் அது. தங்கத்தின் மாற்று, சேதாரம், எடை எல்லாம் அறிந்தவர்கள் வாழும் இடம். ஆனால் தங்கத்தைச் சிவப்பாகப் பார்த்தவர்கள் இங்கேயும் குறைவு. ஆகவே இந்த இதழில் அதைப்பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம். ஒரு நோயாளிக்கு நாம் "இருக்கிறது" என்றும் "இல்லை" என்றும் சொல்லுகிற சொல் இந்தச் சிவப்பை நம்பியே நிற்கிறது.

தங்கக் கட்டிக்குள் எண்ணற்ற எலெக்ட்ரான்கள் கட்டுப்பாடின்றி அலைகின்றன. ஒளி வந்து படும்போது அவை அசைகின்றன. பெரிய கட்டியாக இருக்கும்வரை நாம் பார்ப்பது பழகிய மஞ்சள் பளபளப்பு. அதே தங்கத்தை ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் இரண்டு பங்கு, அதாவது 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாக நீரில் மிதக்கவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. சொம்பில் உள்ள தண்ணீரை ஆட்டினால் அது தனக்கென்று ஒரு தாளத்தில் தளும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறு உருண்டைக்குள் எலெக்ட்ரான்கள் யாவும் ஒன்றுசேர்ந்து அப்படித் தளும்புகின்றன. அவற்றின் தாளத்தோடு ஒத்துப்போகும் ஒளி, ஏறக்குறைய 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி. பச்சையை அவை விழுங்கிவிடுவதால் மிஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. உருண்டை பெரிதாகிச் சுமார் 100 நானோமீட்டரை எட்டினால் விழுங்கும் ஒளி மஞ்சள் பக்கமாக நகர்ந்து, நீர் ஊதா சாயலை அடைகிறது. இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டாலும் தாளம் மாறும். அப்போது சிவப்பு நீர் நீலமாகிவிடும்.

இதைப் படிக்கும்போது, மோசே பொன் கன்றுக்குட்டியைப் பொடியாக அரைத்துத் தண்ணீரில் தூவினாரே, அந்தத் தண்ணீரும் சிவந்திருக்குமா என்று வேதபாட வகுப்பில் யாராவது கேட்கக்கூடும். சிவந்திருக்காது என்றே நினைக்கிறோம். கையால் எவ்வளவு அரைத்தாலும் பொடி இந்த அளவுக்குச் சிறுக்காது. கனத்தினால் அடியில் தங்கிவிடும். சிவப்புத் தங்கத்தை அரைத்து எடுப்பதில்லை. தங்கத்தை முதலில் முழுவதும் கரைத்துவிட்டு, பிறகு கரைசலிலிருந்து மறுபடியும் பிறக்கச் செய்ய வேண்டும். எப்படிப் பிறக்கிறதோ அப்படித்தான் அதன் நிறம் அமைகிறது.

கரைக்கிற வேலை தங்கம் சுத்திகரிப்பவர்களுக்குத் தெரிந்ததே. மற்ற அமிலங்களுக்கு மசியாத தங்கம், உப்பு அமிலமும் வெடியமிலமும் கலந்த இராஜ திராவகத்தில் கரைந்து மஞ்சள் நீராகிறது. அந்த மஞ்சள் நீரில் வெள்ளீய உப்பைச் சேர்த்தால் ஆழ்ந்த ஊதா நிறம் வரும். கழிவு அமிலத்தில் தங்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க இன்றும் அச்சோதனை பயன்படுகிறது. அந்த ஊதாவும் நானோ தங்கமே. 17ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிவப்பேற்ற அது பயன்பட்டது. (பழைய தேவாலய ஜன்னல்களின் சிவப்பெல்லாம் தங்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். இடைக்கால ஜன்னல்களில் பெரும்பாலும் செம்புதான்.) தங்கம் கலந்த கண்ணாடியை உருக்கிச் சீக்கிரமாக ஆறவைத்தால் நிறமே இராது. மறுபடியும் மிதமாகச் சூடேற்றினால்தான் சிவப்பு எழும்பும். சூடு மிஞ்சினால் கலங்கிப் பழுப்பாகிவிடும். ஒரே கண்ணாடி, ஒரே அளவு தங்கம். அடுப்பு மட்டுமே வித்தியாசம்.

இந்தச் சிவப்பின் காரணத்தை முதன்முதல் ஒழுங்காக ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தின் மூலம் அவர் பெயர் நமக்குத் தெரியும். சாண்டிமேனியன் என்னும் சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அச்சபையில் மூப்பராகவும் இருந்தவர். 1856இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் தங்கக் கரைசலைப் பாஸ்பரஸைக் கொண்டு மாற்றி, மாணிக்கச் சிவப்பான நீரைப் பெற்றார். கண்ணுக்குத் தெளிந்ததுபோல் தோன்றிய அந்த நீரில் ஒளிக்கதிரைச் செலுத்தியபோது கதிரின் பாதை தெரிந்தது. ஆகவே இது கரைசல் அல்ல, மிக நுண்ணிய தங்கத் துகள்கள் மிதக்கும் நீர் என்று முடிவுகட்டி 1857இல் வெளியிட்டார். அவர் செய்த சிவப்புத் தங்க நீர்ப் புட்டிகள் இராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

அவர் கவனித்த வேறு இரண்டு காரியங்களே நமது மருத்துவமனைக்கு நெருக்கமானவை. சிவப்பு நீரில் சிறிது உப்பைச் சேர்த்தால் அது நீலமாகிப் பிறகு அடியில் படிந்துவிடுகிறது. ஆனால் முன்கூட்டியே கொஞ்சம் ஜெலாட்டின் சேர்த்திருந்தால் உப்பினால் அதைக் கெடுக்க முடிவதில்லை. துகள்கள் மின்னேற்றத்தினால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. உப்பு அந்தத் தள்ளலை மறைத்துவிடுவதால் ஒட்டிக்கொள்கின்றன. ஜெலாட்டின் போன்ற புரதம் மேலே போர்வையாகப் படிந்திருந்தால் ஒட்டுவதில்லை.

இந்த இரண்டு உண்மைகளைக்கொண்டு 1912இல் ஜெர்மனியில் கார்ல் லாங்கே என்னும் மருத்துவர் ஒரு பரிசோதனையை ஏற்படுத்தினார். நோயாளியின் தண்டுவட நீரை உப்பு நீரில் படிப்படியாகக் கலந்து பத்துக் குழாய்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சிவப்புத் தங்க நீரை ஊற்றுவார்கள். எந்தக் குழாய் சிவப்பாகவே நிற்கிறது, எது நீலமாகிறது, எது நிறமிழக்கிறது என்று பார்த்து 0 முதல் 5 வரை எண் கொடுப்பார்கள். கிரந்தி நோய் மூளையைத் தாக்கியிருக்கிறதா என்று அறிய அக்காலத்தில் அது பெரிய துணையாக இருந்தது. உலகெங்கும் மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் அதைப் பல பத்தாண்டுகள் செய்துவந்தன. இரத்தத்தையும் தண்டுவட நீரையும் ஆராயும் திருத்தமான முறைகள் வந்தபின் கைவிட்டன.

அந்தப் பரிசோதனையில் கஷ்டமான பகுதி தண்டுவட நீர் எடுப்பதல்ல, தங்க நீர் காய்ச்சுவதே. தண்ணீரை ஒருமுறை காய்ச்சி வடித்தால் போதாது, திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில் முந்தைய சோதனையின் கறை ஒரு துளி இருந்தாலும் நீர் ஊதாவாகவோ கலங்கலாகவோ வரும். சில நாள் அருமையாக வரும்; மறுநாள் அதே கை, அதே குறிப்பு, ஆனால் வராது. கோபித்துக்கொள்வதற்கு ஆள் இல்லை. மீண்டும் குடுவையைக் கழுவ வேண்டியதுதான். இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த ரிச்சர்ட் சிக்மொண்டி 1925ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு பெற்றார் என்பதிலிருந்து இது எளிய விஷயமல்ல என்று விளங்கும்.

நம்பத்தக்க ஒரு பக்குவத்தை 1951இல் அமெரிக்காவில் ஜான் டர்கெவிச்சும் அவருடைய உடன்வேலையாட்களும் விவரமாக எழுதிவைத்தார்கள். தங்க உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து, கலக்கிக்கொண்டே சோடியம் சிட்ரேட் கரைசலை ஊற்றுவது, அவ்வளவே. சிட்ரேட் என்பது எலுமிச்சையின் புளிப்பான சிட்ரிக் அமிலத்தின் உப்பு; இரத்தம் உறையாமலிருக்க நாம் சேர்க்கும் அதே பொருள். மஞ்சள் நீர் முதலில் நிறமிழக்கும். பின்பு சாம்பல் கலந்த நீலம், கருஊதா, கடைசியில் திராட்சரசச் சிவப்பு. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதில் சிட்ரேட்டின் அளவை மட்டும் மாற்றித் துகளின் பருமனை மாற்றலாம் என்று 1973இல் ஃப்ரென்ஸ் என்பவர் காட்டினார். சிட்ரேட் அதிகமானால் சுமார் 16 நானோமீட்டர், குறைத்துக்கொண்டே போனால் 150 வரை. இதை விளங்கிக்கொள்ள நம் சபைகளின் அசன விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டாவில் உள்ள சோறு ஒரே அளவு. ஒரே நேரத்தில் ஏராளம் இலை போட்டுவிட்டால் இலைக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். சில இலைகளே போட்டால் ஒவ்வொன்றிலும் குவியும். சிட்ரேட் அதிகமாக இருக்கும்போது ஏராளமான தங்க வித்துகள் ஒருமிக்கப் பிறந்து, இருக்கும் தங்கத்தைப் பங்கிட்டுக்கொண்டு சிறியவையாகவே நின்றுவிடுகின்றன. குறைவாக இருந்தால் பிறக்கும் வித்துகள் சில. அவை பருக்கின்றன, போர்வை போதாமல் ஒன்றோடொன்று சேரவும் செய்கின்றன. உண்மையில் கணக்கு இதைவிடச் சிக்கலானது. சிட்ரேட் கரைசலின் புளிப்பையும் மாற்றுகிறது, அந்தப் புளிப்பு பிறப்பின் வேகத்தை மாற்றுகிறது. கொதிநிலை, கலக்கும் விதம், எதை எதற்குள் ஊற்றினோம் என்ற வரிசை இவையெல்லாம் கணக்கில் சேரும்.

இப்போது அட்டைக்கு வருவோம். அட்டைகளில் சுமார் 40 நானோமீட்டர் துகள்களையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 20 நானோமீட்டர் துகளைவிட 40 நானோமீட்டர் துகளில் எட்டு மடங்கு தங்கம் உண்டு, ஏறக்குறைய அத்தனை மடங்கு ஒளியை அது விழுங்கும். ஆகவே கோடு நன்றாகத் தெரியும். இன்னும் பெரிதாக்கினாலோ துகள் கனத்து, காகிதத்தின் துவாரங்களில் சுலபமாக நகராது. துகளின்மேல் அந்தந்த நோய்க்குரிய எதிர்ப்புரதத்தைப் போர்த்துகிறார்கள். போர்வை போதுமா என்று எப்படி அறிவது? கொஞ்சம் உப்பு நீரைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிவப்பு நின்றால் போதும். நீலமானால் இன்னும் வேண்டும். பாரடே ஜெலாட்டினில் கண்டது இன்றும் அட்டை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. பிறகு சர்க்கரை சேர்த்து ஒரு பட்டையில் உலர்த்துகிறார்கள். நோயாளியின் இரத்தமோ சிறுநீரோ பட்டதும் சர்க்கரை கரைந்து, துகள்கள் தனித்தனியாகப் புறப்பட்டு ஓடி, கோட்டில் பிடிபட்டுக் குவிகின்றன. துகள்கள் ஒரே பருமனாக இல்லாவிட்டால் ஒரு பெட்டியின் கோடு அழுத்தமாகவும் அடுத்த பெட்டியின் கோடு மங்கலாகவும் வரும். குளிர்காய்ச்சலோடு வந்து பெஞ்சில் காத்திருக்கிற துறைமுகத் தொழிலாளிக்கு அந்த வித்தியாசம் சிறியதல்ல.

இதுவரை சொன்னது உருண்டைகளைப்பற்றி. உருவத்தையே மாற்றினால் இன்னும் அதிசயம். நீளமான தட்டில் தண்ணீர் ஊற்றி அகலவாட்டில் ஆட்டிப் பாருங்கள், வேகமாகத் தளும்பும். நீளவாட்டில் ஆட்டினால் மெதுவாகத் தளும்பும். தங்கத்தைக் கம்பி போன்ற நானோ குச்சியாகச் செய்தால் எலெக்ட்ரான்களுக்கும் அப்படியே இரண்டு தாளங்கள் உண்டாகின்றன. அகலவாட்டுத் தாளம் பழைய 520லேயே நிற்கும். நீளவாட்டுத் தாளமோ குச்சி நீள நீளச் சிவப்புக்கும், அதைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கும் போய்விடும். நீளம் அகலத்தைப்போல் நான்கு மடங்கானால் சுமார் 800 நானோமீட்டர். குச்சிகள் மிதக்கும் நீர் அளவுக்குத் தக்கபடி நீலம், பச்சை, பழுப்பு என்று தோன்றும்.

குச்சி செய்வது இரண்டு கட்டமான வேலை. முதலில் சில்லென்ற கரைசலில் மிகச் சிறிய வித்துகளை உண்டாக்குகிறார்கள். அவற்றை வேறொரு தங்கக் கரைசலில் இட்டு, வைட்டமின் சி சேர்த்து வளரவிடுகிறார்கள். வைட்டமின் சி மென்மையானது. தானாகப் புதிய வித்துகளைப் பிறப்பிக்காமல், இருக்கும் வித்தின்மேல் மட்டும் தங்கத்தைப் படியவைக்கும். நீளவாட்டில் வளரச்செய்வதற்குச் சிறிது வெள்ளி நைட்ரேட்டும், சி.டி.ஏ.பி. என்னும் சோப்பு போன்ற பொருளும் வேண்டும். காயம் கழுவ நாம் உபயோகிக்கும் செட்ரிமைடின் நெருங்கிய உறவு அது. 2001இல் அமெரிக்காவில் கேத்தரின் மர்பியின் குழுவில் நிகில் ஜனா என்னும் இந்தியர் முதலானோர் இவ்வழியைத் திறந்தார்கள்.

அதன்பின் ஒரு குழப்பம் எழுந்தது. ஒரே குறிப்பைப் பார்த்துச் செய்தும் சில ஆய்வுக்கூடங்களில் குச்சி வந்தது, சிலவற்றில் உருண்டையே வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் 2008இலும் 2009இலும் இதைத் துப்புத்துலக்கினார்கள். பல கம்பெனிகளிடமிருந்து சி.டி.ஏ.பி. வாங்கிச் சோதித்ததில், சில சரக்குகளில் பத்து லட்சத்தில் சில பங்கு அயோடைடு கலந்திருந்தது. குச்சியைத் தடுத்தது அதுவே. சமையல் உப்பில் நாம் தேடி வாங்கும் அயோடின், இங்கே அற்பமாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. வேறு குழுக்கள் அதே அயோடைடை வேண்டுமென்றே சேர்த்துத் தங்கத்தை முக்கோணத் தகடாக வளர்த்தார்கள் என்பது இதன் மறுபக்கம். மேல் நாட்டவர் கண்டுபிடித்ததையெல்லாம் மெச்சுகிறோம். ஆனால் இந்த ஒரு துப்பறிதல் நோபல் பரிசுகளைவிட நமக்கு அதிகம் கற்பிக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் வேலைசெய்யும் எவரும் சொல்வார்கள்.

முக்கோணத்துக்கு நம் நாட்டிலேயே எளிய வழி ஒன்று உண்டு. புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரியின் குழுவினர் 2004இல், எலுமிச்சைப்புல்லைத் தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தச் சாற்றைத் தங்க உப்புக் கரைசலில் ஊற்றினார்கள். மெல்லிய முக்கோணத் தகடுகள் ஏராளமாகப் பிறந்தன. அவை அகச்சிவப்பை விழுங்கின. சாற்றின் அளவை மாற்றி முக்கோணத்தின் பருமனை மாற்றவும் முடிந்தது. நம் சென்னையில் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழுவினர் 2009இல் கூர்முனைகள் நிறைந்த பூவைப்போன்ற தங்கத் துகள்களை வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2003இல், தங்கத்தின் நிறமாற்றத்தை வேறொரு நற்காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள்: எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்து நீரில் கலந்திருந்தால் தங்க நீரின் சிவப்பு நீலமாவதைக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார்கள். காசர்கோட்டுக் குழந்தைகளின் நிலையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அந்த மருந்தை 2011இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. பிரதீப் அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அகச்சிவப்பை விழுங்கும் துகளுக்கு ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்? இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கைக்குக் கீழே வைத்தால் கை சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்திருக்கிறோம். நம் சதை பச்சை, நீல ஒளியைத் தடுத்துவிடும். சிவப்பும் அதை அடுத்த அகச்சிவப்பும் மட்டும் உள்ளே ஊடுருவும். கட்டிக்குள் சேர்ந்த தங்கத் துகள் அந்த ஒளியை விழுங்கிச் சூடானால் கட்டியைச் சுடலாம் என்பது எண்ணம். 2019இல் அமெரிக்காவில், தங்க மேலோடு பூண்ட மணல்சத்துத் துகள்களைக்கொண்டு பிராஸ்டேட் புற்றுநோயாளிகள் 16 பேருக்கு இவ்வாறு சிகிச்சை கொடுத்ததன் முதல் முடிவுகள் வெளியாயின. பெரிய பாதகம் நேரவில்லை. ஆனாலும் அது ஆரம்பப் படிதான். "நானோ தங்கம் புற்றுநோயைத் தீர்க்கும்" என்று சொல்லிப் புட்டிகளை விற்பவர்களிடம் உங்கள் குடும்பத்தார் பணத்தை இழக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். குச்சித் துகளில் ஒட்டியிருக்கும் சி.டி.ஏ.பி. உயிரணுக்களைக் கொல்லக்கூடியது. எந்த உருவம், எந்தப் பருமன், மேலே என்ன போர்வை என்று சொல்லாமல் "தங்கம்" என்று மட்டும் சொல்வதில் பொருளே இல்லை.

அட்டையில் உள்ள தங்கத்தைச் சேர்த்து விற்கலாமே என்று வேடிக்கையாகக் கேட்கிறவர்களும் உண்டு. ஒரு அட்டையில் இருப்பது சில மைக்ரோகிராம்தான். ஒரு கிராம் சேர்க்க லட்சக்கணக்கான அட்டைகள் வேண்டும். அவை நோயாளியின் இரத்தம் பட்டவை, கழிவு விதிப்படி அழிக்கப்பட வேண்டியவை.

வீட்டில் அட்டையை உபயோகிக்கிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். அட்டையின் உறையில் எழுதியுள்ள சூட்டுக்கு மேல் வைக்கவேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு அது 30 டிகிரி. நம் ஊர் மே மாதத்தில் அலமாரியே அதைத் தாண்டிவிடும். உறையை முன்கூட்டியே கிழித்துவைத்தால் கடற்காற்றின் ஈரம் பட்டுச் சர்க்கரை கசிந்து, துகள்கள் அட்டையிலேயே ஒட்டிக்கொண்டு ஓடாமல் நின்றுவிடக்கூடும். கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் அந்த அட்டை எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். "இல்லை" என்று அர்த்தமல்ல. கர்ப்பப் பரிசோதனையில் குறித்த நிமிடங்களுக்குள் இரண்டாம் கோடு எவ்வளவு மங்கலாக வந்தாலும் அதை "இருக்கிறது" என்றே எண்ணிக்கொண்டு வந்து எங்களைப் பாருங்கள். குறித்த நேரம் கடந்து வெகுநேரத்துக்குப் பின் தோன்றும் சாயலை எண்ணவேண்டாம்; புதிய அட்டையை எடுத்து மறுபடியும் செய்யுங்கள்.